முத்திரையில்லாத படி!

அரிசியைப் படியால் அளந்து விற்ற காலத்திலே, நம் வீட்டுப் பாட்டிமார் கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்பு படியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பார்கள். சர்க்கார் முத்திரை இருக்கிறதா? விளிம்பு தேய்ந்திருக்கிறதா? அடித்தகடு உள்ளே அமுங்கியிருக்கிறதா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான். ஆனால் ஏமாறத் தெரியாதவர்கள்!

படி போயிற்று, கிலோ வந்தது. தட்டுத் தராசு போயிற்று. மின் தராசு வந்தது. ஆனால் முத்திரை போகவில்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி இன்றும் கடைக்காரரின் தராசைச் சரிபார்த்து முத்திரையிட்டாக வேண்டும். கருவாடு விற்கிற ஆச்சியின் தராசுக்கும் முத்திரை உண்டு. பழைய இரும்பு வாங்குகிறவரின் தராசுக்கும் முத்திரை உண்டு.

தோழர்களே! மாதம் தவறாமல் விலை கொடுத்து நாம் வாங்கும் ஒரு சரக்குக்கு மட்டும் முத்திரை இல்லை. சுவரிலே துளையிட்டு, தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழையாக அது வீட்டுக்குள் வருகிறது. மாதம் பிறந்தால் பில் வருகிறது; பில்லோடு நூற்றுக்குப் பதினெட்டு என்று வரியும் வருகிறது. அந்தச் சரக்குதான் இணையம்! எத்தனை படி அளந்தார்கள் என்று கேட்டால், "நம்புங்கள்" என்கிறார்கள்.

நம்புவதா? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் 1967-இல் இந்த மண்ணை உலுக்கியதே, அந்த வரலாற்றைப் பெருமையோடு பேசுகிற நாமா படியைப் பார்க்காமல் பணம் கொடுப்பது?

இரண்டெழுத்து மாயம்

தெருமுனையிலே ஒரு தட்டி. "நூறு மெகாபிட் வேகம்!" என்று ஆளுயர எழுத்து. பக்கத்திலே, எறும்பு ஊர்ந்தது போல ஒரு சிறு சொல்: ‘வரை’. நூறு மெகாபிட் வரை! தமிழிலே வரை என்றால் மலை. வரை என்றால் எல்லை. விளம்பரத்திலே மலையைக் காட்டுகிறார்கள். வீட்டுக்குள்ளே எல்லை கட்டுகிறார்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் விற்பது ‘பிட்’ கணக்கில். நாம் படத்தையும் பாடத்தையும் இறக்கும்போது கணினி காட்டுவது ‘பைட்’ கணக்கில். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக நூறு மெகாபிட் என்பது, முழுமையாகக் கிடைத்தாலும், விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். இது மோசடி அன்று. ஆனால் ஏன் பெரிய எண்ணாக இருக்கும் அளவையையே தட்டியில் எழுதுகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

அது போகட்டும். அந்த நூறு எங்கிருந்து எங்கே கிடைக்கும் நூறு? இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி. நம் வீட்டிலிருந்து கம்பெனியின் நிலையம் வரையில் நூறா? சென்னை வரையில் நூறா? சிங்கப்பூர் வரையில் நூறா? இலண்டன் வரையில் நூறா? தட்டியிலே விடை இல்லை. வாயிற்படியில் வந்து நின்று விற்கிற பிள்ளையிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. பாவம், அவரும் நம்மைப்போல் கூலிக்கு உழைப்பவர்.

"எங்கள் வீட்டில் படம் தங்கு தடையில்லாமல் ஓடுகிறதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். படம் ஓடும், ஓடத்தான் செய்யும்! ஏன் தெரியுமா? பெரிய படக் கம்பெனிகள் தங்கள் சரக்கின் நகலைப் பெட்டி பெட்டியாக இங்குள்ள இணைய நிறுவனங்களின் நிலையத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் படம் கடல் கடந்து வரவில்லை. பக்கத்து ஊர்க் கிடங்கிலிருந்து வருகிறது. உள்ளூர்க் கிடங்கில் மூட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு, "பாரீர்! இரங்கூன் அரிசி எவ்வளவு விரைவாக வருகிறது!" என்று சொன்னால் எப்படியோ, அப்படி!

பாட்டாளிக்கு எதற்கு?

"வெளிநாட்டு வேகம் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு வேண்டியது, பாட்டாளிக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் எதற்கு, மின்விளக்கு எதற்கு, ஆங்கிலம் எதற்கு என்று ஒரு காலத்தில் நம் பாட்டன்மாரைக் கேட்டார்களே, அந்தக் கேள்வியின் பேரப்பிள்ளைதான் இது!

கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊர் வருகிறார். குழந்தை அவர் முகத்தைத் திரையில்தான் பார்க்கிறது. "அப்பா" என்று குழந்தை அழைத்தால், அந்தச் சொல் போய்ச் சேருவதற்குள் இவள் பேசுகிறாள், அவரும் பேசுகிறார், இரண்டு குரலும் மோதிக்கொண்டு ஒன்றும் விளங்காமற் போகிறது. இது பணக்காரப் பிள்ளை விளையாட்டா?

கல்லூரி முடித்த மகள், வெளியூர் அனுப்ப மனமில்லாத வீடு, கையிலே ஒரு கணினி. இலண்டன் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள், அமெரிக்கக் கம்பெனிக்கு மென்பொருள் சோதிக்கிறாள். மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை வேலை. நேர்முகத் தேர்விலே கேள்வி பாதி கேட்கிறது, விடை பாதி போகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் என்ன எண்ணுவார்? கம்பி சரியில்லை என்றா எண்ணுவார்? "பெண்ணுக்கு விவரம் போதாது" என்று எண்ணுவார்! கம்பெனியின் குறை நம் பிள்ளையின் குறையாகக் கணக்கு எழுதப்படுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைக்கும், கரூர்த் துணிக்கும், ஆம்பூர்த் தோலுக்கும் வாங்குவோர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களோடு பேசுகிற கம்பி தடுமாறினால், அந்தப் பட்டறையை நம்பியிருக்கும் தொழிலாளியின் கூலியும் தடுமாறும்.

வேகம் வேறு, சுணக்கம் வேறு

இங்கே ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வேகம் என்று கம்பெனிக்காரர் சொல்வது குழாயின் அகலம். ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பது. குழாயைத் திறந்தபின் முதற்சொட்டு எப்போது வரும் என்பது வேறு. அதைத்தான் லேட்டன்சி என்கிறார்கள். பிள்ளைகள் ‘பிங்’ என்கிறார்கள். நாம் சுணக்கம் என்போம். இங்கிருந்து ஒரு செய்தி போய், அங்கிருந்து விடை திரும்பி வர எடுக்கும் நேரம் அது. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கி, ‘மில்லி விநாடி’ என்று அளக்கிறார்கள்.

பேச்சுக்கு அகலம் அவ்வளவு வேண்டியதில்லை. சுணக்கம் குறைவாக இருந்தால் போதும். ஒரு பக்கம் சொன்னது மறுபக்கம் காதில் விழ 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமே வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் ஏற ஏற, பேசுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழத் தொடங்குவார்கள்.

பெரிய சரக்கு அனுப்புவதற்கும் சுணக்கம் பகைதான். இணையத்திலே சரக்கு அனுப்புகிறவன், ஒரு நடை அனுப்பிவிட்டு "வந்து சேர்ந்தது" என்ற ரசீதுக்காகக் காத்திருக்கிறான். ரசீது வந்தபின்தான் மேலும் அனுப்புகிறான். ரசீது வரச் சுணங்கினால், எவ்வளவு அகலமான சாலையாக இருந்தாலும் வண்டி பாதி நேரம் நின்றுகொண்டுதானே இருக்கும்? வழியில் மூட்டை தவறினால் இன்னும் மோசம். அனுப்புகிறவன் அஞ்சி நடையையே குறைத்துவிடுகிறான்.

சுணக்கத்துக்கு ஓர் அடிப்படைக் கணக்கு உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. போய்த் திரும்ப வேண்டும் என்பதால், நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கிடக்கும் கம்பி சுமார் 3,200 கிலோமீட்டர். ஆகவே 32 மில்லி விநாடிக்குக் குறையாது. 40 வந்தால் நல்லது, 50 வரை பொறுக்கலாம், 90 வந்தால் எங்கோ சுற்றுகிறார்கள்! இலண்டன் நேர்க்கோட்டிலே சுமார் 8,200 கிலோமீட்டர். 82-க்குக் கீழே எந்த மந்திரவாதியாலும் கொண்டுவர முடியாது. கம்பி வளைந்து நெளிந்து போவதால் 130, 150 என்று வரும். அமெரிக்கா என்றால் 200-க்கு மேல்தான்.

"எங்கள் இணைப்பில் அமெரிக்கா இருபதே மில்லி விநாடி" என்று யாராவது சொன்னால், ஒளியையே முந்திவிட்டேன் என்கிறார் என்று பொருள். அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்!

கடலுக்கு அடியிலே

1025-இல் இராசேந்திரன் படை கடாரத்துக்குக் கடல் கடந்தது. வெள்ளையர் ஆட்சியிலே 1870-71-இல் அதே கடலின் அடியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கம்பி கிடத்தினார்கள். இன்றைய ஒளியிழைக் கம்பிகளும் அந்தத் திசையில்தான் செல்கின்றன. 2002-இல் பார்தி, சிங்டெல் நிறுவனங்களின் ஐ2ஐ கம்பி. 2004-இல் டாடாவின் சென்னை–சிங்கப்பூர்க் கம்பி. 2005-இல் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை போகும் சீ-மீ-வீ 4 சென்னையிலும் கரையேறிற்று. மும்பைக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய கடல்வாசல் நம் சென்னை!

வாசல் நம் ஊரில் இருக்கிறது. ஆனால் நம் வண்டி அந்த வாசல் வழியாகத்தான் போகிறதா? அங்கேதான் சூட்சுமம். சில நிறுவனங்கள் வெளிநாட்டுப் பாதையை மும்பையில் மட்டும் வாங்கி வைத்திருக்கும். சென்னைவாசி சிங்கப்பூரோடு பேசினால், அந்தப் பேச்சு மும்பை வரை மேற்கே ஓடி, அங்கிருந்து மறுபடி கிழக்கே போகும். திருவொற்றியூரிலிருந்து இராயபுரம் போவதற்குத் தாம்பரம் வழியாகப் போவாரா யாராவது? நம்மைப் போக வைக்கிறார்கள், நமக்குத் தெரியாமலேயே!

இதைவிடப் பெரிய சுற்றும் ஒரு காலத்தில் இருந்தது. உள்ளூர் நிறுவனம் ஒன்றிலிருந்து இன்னோர் உள்ளூர் நிறுவனத்துக்கு அனுப்பிய செய்தி அயல்நாடு போய்த் திரும்பி வந்தது. அந்தக் கேலிக்கூத்தைக் குறைக்கத்தான் 2003-இல் தேசிய இணையச் சந்திப்பு நிலையம், நிக்சி, அமைக்கப்பட்டது. கேட்டதால் வந்தது, கேட்காமல் வரவில்லை.

ஒரே பாதையை நம்பினால் என்ன ஆகும்? 2008 சனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தன. இந்தியாவின் இணையம் தள்ளாடிற்று. 2024 தொடக்கத்தில் செங்கடலில் கம்பிகள் அறுந்தன. 2025 செப்டம்பர் 6 அன்று அதே செங்கடலில், செட்டா அருகே, சீ-மீ-வீ 4 உள்ளிட்ட கம்பிகள் மறுபடி அறுந்தன. இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே சுணக்கம் ஏறிற்று. கம்பி அறுவது எவர் குற்றமும் ஆகாதிருக்கலாம். ஆனால் மேற்கே அறுந்தால் கிழக்கே திருப்பிவிட மாற்றுப்பாதை வாங்கி வைக்காதது யார் குற்றம்? அதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்தவர் குற்றம்!

யார் கையில் கடல்?

1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து வைத்தது அரசு நிறுவனம். விதேஷ் சஞ்சார் நிகாம் என்று பெயர். பெயரில் இந்தி இருந்தது. ஆனால் சொத்து மக்களுடையதாக இருந்தது! 2002 பிப்ரவரியில் அதன் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கையும் நிர்வாகத்தையும் டாடா குழுமத்திடம் டில்லி ஒப்படைத்தது. இன்று இந்தியாவின் அகலக்கற்றை இணைப்புகளில் பெரும்பகுதி ஜியோ, ஏர்டெல் என்ற இரண்டு கைகளில் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் கடை வைத்த சந்தையிலே பேரம் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

இதனால் அரசு நிறுவனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். தனியார் என்றால் தீண்டாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். உள்ளூர் கேபிள்காரர் தரும் இணைப்பு சில ஊர்களில் பெரிய கம்பெனியைத் தோற்கடிக்கிறது. சில ஊர்களில் மாலையானால் மூச்சுத் திணறுகிறது. பெயரைப் பார்க்காதீர்கள், படியைப் பாருங்கள்! ‘நம்பு’ என்கிறது விளம்பரம். ‘சோதித்துப் பார்’ என்கிறது பகுத்தறிவு. நாம் எந்தப் பக்கம் என்பதை யாரும் கேட்க வேண்டியதில்லை.

சோதிக்கும் முறை

புது இணைப்பு வாங்குமுன் அதே தெருவில் அதே கம்பெனியின் இணைப்பு வைத்திருக்கும் தோழர் வீட்டுக்குப் போங்கள். காலையில் போகாதீர்கள், காலையில் எல்லாச் சாலையும் காலிதான். இரவு எட்டு மணிக்கு மேல், பதினொரு மணிக்குள் போங்கள். ஊரே திரை பார்க்கும் நேரம் அது. நெரிசல் இருந்தால் அப்போது வெளிப்படும்.

வைஃபையில் சோதிக்காதீர்கள். சுவரும் அலமாரியும் செய்யும் குறை கம்பெனியின் தலையில் விழும். கம்பெனியும் அதையே சொல்லித் தப்பித்துக்கொள்ளும். ரவுட்டரிலிருந்து லேன் கம்பி போட்டுக் கணினியில் சோதியுங்கள். வேகச் சோதனைத் தளம் தானாகவே பக்கத்துச் சர்வரைத் தேர்ந்தெடுக்கும், அதை ஏற்காதீர்கள். சர்வர் பட்டியலைத் திறந்து, நமக்கு வேண்டிய ஊரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளை சிங்கப்பூரில் என்றால் சிங்கப்பூர். வேலை இலண்டனுக்கு என்றால் இலண்டன். துபாய் என்றால் துபாய். பெரிய தளங்களின் பெயரை வைத்து ‘பிங்’ பார்ப்பதிலும் பயனில்லை. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் அவர்கள் கிளையே விடை சொல்லிவிடும்!

மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். வேகம் எவ்வளவு, சுணக்கம் எவ்வளவு, நூறு மூட்டை அனுப்பினால் எத்தனை தவறுகிறது. அத்துடன், சுணக்கம் ஒரே நிலையில் நிற்கிறதா, நாற்பது, நூறு, அறுபது என்று குதிக்கிறதா என்று பாருங்கள். நிலையான நூற்று ஐம்பதைப் பொறுக்கலாம். குதிக்கிற எண்பதைப் பொறுக்க முடியாது. விண்டோஸ் கணினியில் ‘டிரேசர்ட்’ என்ற கட்டளை, செய்தி எந்தெந்த நிலையம் வழியாகப் போகிறது என்று வரிசையாகக் காட்டும். நிலையப் பெயர்களில் பல வேளை ஊர்ப் பெயரின் சுருக்கமும் இருக்கும். தாம்பரம் சுற்றுகிறார்களா என்பது அதிலே தெரிந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிட வேலை.

வீடு வரை இழை வரும் இடத்தில் இழையையே வாங்குங்கள். காற்றுவழி வரும் இணைப்பிலே சுணக்கம் குதிக்கும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழி வந்தால், ஒரு கேள்விக்கும் விடைக்கும் அரை விநாடி ஓடிவிடும். வேறு வழியே இல்லாத மலையூருக்கு அது வரம், நகரத்துக்கு அன்று.

ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மாதம் கட்டாதீர்கள்! ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, ஏழு இரவு சோதித்து, பிறகு முடிவு செய்யுங்கள். சலுகை என்பது பல வேளை நம் காலில் கட்டும் கயிறு. "வெளிநாட்டுப் பாதையை யாரிடம் வாங்குகிறீர்கள்? சென்னையிலா, மும்பையிலா? ஒன்று அறுந்தால் மற்றொன்று உண்டா? எத்தனை ஜிகாபைட்டுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பீர்கள்?" என்று எழுத்திலே கேளுங்கள். விடை சொல்லும் கம்பெனி விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மதிக்கத்தக்கது. விடையே சொல்லாத கம்பெனியின் மௌனமும் ஒரு விடைதான்!

உரிமை எங்கே?

சட்டமே இல்லை என்று எண்ணாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், டிராய், 2006-லேயே அகலக்கற்றைத் தரத்துக்கு விதி எழுதிற்று. வெளிநாட்டு முனை வரையில் சுணக்கத்துக்கு எல்லை வைத்தது. நெரிசல் மிகுந்த நேரத்தில் பாதை நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிரம்பக்கூடாது; தொண்ணூறைத் தாண்டினால் ஒரு மாதத்துக்குள் கூடுதல் பாதை வாங்கியாக வேண்டும் என்று சொல்லிற்று. 2024-இல் புதிய தரவிதிகளும் வந்தன. ஏட்டிலே குறையில்லை. ஆனால் அந்த ஏட்டை நம் தெருவிலே திறந்து காட்டியவர் யார்? எந்த நிறுவனம், எந்த ஊரில், இரவு ஒன்பது மணிக்கு, சிங்கப்பூருக்கு எத்தனை மில்லி விநாடி என்று வாங்குகிறவன் கண்ணில் படும்படி எழுதி ஒட்டியவர் யார்?

"போட்டி இருக்கிறதே, நல்ல கம்பெனி தானே நிலைக்கும்" என்று டில்லியிலே பேசுகிறார்கள். முத்திரையிட்ட படி இருந்தால்தான் போட்டி. முத்திரையில்லாத சந்தையில் நடப்பது போட்டி அல்ல. உரக்கக் கூவுகிறவன் வெல்லும் கூச்சல்!

ஆகவே நாம் கேட்பது மூன்று. தட்டியில் ‘வரை’ என்பதோடு, மாலை நேரத்தில் குறைந்தது எவ்வளவு கிடைக்கும் என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். மாவட்டவாரியாக, நிறுவனவாரியாக, வெளிநாட்டுச் சுணக்கத்தை மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும். சொன்ன அளவு தராத மாதத்துக்குப் பில்லிலே தானாகக் கழிவு தர வேண்டும். அரிசி குறைந்தால் அரிசிக் கடைக்காரர் தண்டம் கட்டுகிறாரே, இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

மாநில உரிமைக்கும் இதிலே இடம் உண்டு. தொலைத்தொடர்பு டில்லியின் பட்டியலில் இருக்கிறது; கம்பம் நடும் தெரு நம்முடையது, கம்பி ஏறும் கடற்கரை நம்முடையது, பணம் கட்டும் மக்கள் நம்மவர்கள். 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கவென்று தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018-இல் அமைக்கப்பட்டது. ஊராட்சி வரையில் இழை போட்டால் மட்டும் போதாது. அந்த இழை கடல்வாசல் வரையில் நேர்வழியில் போகிறதா என்று கேட்பதும் நம் வேலை.

அதுவரை கைகட்டி நிற்பதா? குறையிருந்தால் கம்பெனியிடம் புகார் கொடுத்துப் பதிவெண் வாங்குங்கள். தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்கு அங்கே செல்லாது என்று வாதாடிப் பார்த்தார்கள். செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழு இரவு எழுதி வைத்த எண்கள் அங்கே உங்கள் சாட்சி. வாய்ப்பேச்சு காற்றோடு போகும்; தேதியிட்ட எண் போகாது.

படிப்பகத்துக் குறிப்பேடு

கடைசியாக ஒன்று. எழுத்தறியாத பாட்டாளிக்கு ஒருவர் நாளேட்டைப் படித்துக் காட்ட, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்க, அப்படித்தான் படிப்பகங்கள் இந்த இயக்கத்தை வளர்த்தன. நாட்டின் நடப்பை அறிய அன்று அந்தப் படிப்பகம் போதுமானதாக இருந்தது. இன்று அதே படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். தெருப்பெயர், கம்பெனிப் பெயர், தேதி, இரவு மணி, எந்த ஊர்ச் சர்வர், வேகம், சுணக்கம், தவறிய மூட்டை என்று கட்டம் போடுங்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், எண் போதும். தெருவுக்கு இரண்டு வீடு என்று இரண்டு வாரம் எழுதினாலே, அந்த வட்டத்துக்கு எந்தக் கம்பெனி நல்லது என்று விளம்பரத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம். புது இணைப்பு வாங்க வருகிறவர் முதலில் அந்த ஏட்டைப் பார்க்கட்டும்.

ஒரு வீடு கேட்டால் அது முணுமுணுப்பு. "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்று தொலைபேசியிலே சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாற்பது வீட்டு எண்களோடு ஒரு தெருவே கேட்டால் அது கோரிக்கை. மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். நூறு படிப்பகங்களின் ஏடுகள் ஒன்றாக டிராய் முன்பு வைக்கப்பட்டால் அது வழக்கு. விதியை ஏட்டிலே மட்டும் வைத்திருப்பவர்கள் விடை சொல்லியாக வேண்டும்.

முத்திரையை அவர்கள் இட மறுத்தால், முத்திரை இடும் வரையில் நாமே அளப்போம். கேட்பது பிச்சை அல்ல, தோழர்களே. விலை கொடுத்த சரக்கின் அளவு! படியைப் புரட்டிப் பாருங்கள். குறைந்தால் கேளுங்கள். கேட்டும் குறைந்தால் கடையை மாற்றுங்கள். ஊரிலுள்ள எல்லாக் கடையும் குறைத்தால், அப்போது மாற்ற வேண்டியது கடையை அல்ல, சந்தையின் சட்டத்தை. அந்த வேலை நமக்குப் புதிதல்ல!